ஜோடி பாஸ்

"ஜோடி பாஸ்தான் லாபம்" என்று சொல்லிவிட்டு ஆர்மின் ஸ்டூடர், லிஸ்பெத்தின் சமையலறை மேஜைமேல் இருந்த ரயில் நோட்டீஸை அவள் பக்கம் மெல்லத் தள்ளினார். தள்ளிய கையை உடனே எடுக்கவில்லை. மூன்றாவது வரிக்குக் கீழே விரலை வைத்தபடி இருந்தார். விஷயமே அந்த மூன்றாவது வரியில்தான் இருந்தது.

'இருவரும் ஒரே முகவரியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும்.'

அவர் போட்டு வைத்திருந்த திட்டம் இதுதான். லிஸ்பெத் அந்த வரியைப் படிப்பாள். "நாம வேற வேற ஊர்ல இருக்கோமே" என்பாள். "அதுக்கென்ன, ஓல்ட்டனுக்கே வந்துடேன்" என்று, உப்பு டப்பாவை எடுக்கச் சொல்வதுபோல இவர் சொல்லிவிடுவார். மலை ரயிலுக்குப் பாஸும் ஆயிற்று, ஒன்பது வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்த வார்த்தையும் வெளியே வந்தாயிற்று.

லிஸ்பெத் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஆயுளில் பாதியை மருந்துக்கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தே கழித்தவள் அவள். அச்செழுத்தெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. முன்பக்கம் படித்தாள், பின்பக்கம் படித்தாள். மூன்றாவது வரியில் கொஞ்சம் நின்றாள் என்றுகூட ஆர்மினுக்குத் தோன்றியது.

"இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?" என்றாள்.

"என் தபால் பெட்டியில கிடந்தது. 'விளம்பரம் போட வேண்டாம்'னு எவ்வளவு பெருசா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்! அதையும் மீறி எவனோ போட்டிருக்கான். புகார் எழுதலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் படிச்சுப் பார்த்தா..."

"பார்த்தா?"

லிஸ்பெத் கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்தாள். சமையலறைக் கடிகாரம் நன்றாகக் கேட்டது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது.

"பார்த்தா, நிறைய மிச்சமாகுது" என்றார் ஆர்மின்.

லிஸ்பெத் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "மூணு நாள் மலை ரயில்ல போறதுக்கு ஒரு வருஷத்துப் பாஸா? ரயில்லயே குடித்தனம் பண்ணப் போறோமா என்ன? எங்கிட்ட அரைக் கட்டண அட்டை இருக்கு. அது போதும்." நோட்டீஸைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள். "காப்பி ஆறுது, குடி."

ஆர்மின் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கார் ஓட்டும் தேர்வுக்கு அதிகாரியாக இருந்தவர். நாற்சந்தியில் வழி காலியாக இருந்தும் போகாமல் திகைத்து நிற்பவர்களை ஈவு இரக்கமில்லாமல் ஃபெயில் போட்டவர் என்று வட்டாரம் முழுக்கப் பெயர். "தயக்கம்தான் விபத்துக்கு முதல் காரணம்" என்று எத்தனையோ இளைஞர்களை அழ வைத்து அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவர், தன் விஷயத்தில் ஒன்பது வருஷமாக முதல் கியரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

லிஸ்பெத்துக்கு ஆராவ், அவருக்கு ஓல்ட்டன். நடுவில் பத்து நிமிஷ ரயில். சனி ஞாயிறு அவர் வீட்டில், புதன்கிழமை அவள் வீட்டில் என்று ஒரு ஏற்பாடு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் லிஸ்பெத் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆர்மின் தினமும் சூப்புப் பாத்திரத்தோடு ஆராவுக்குப் போனார். வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொன்னாலும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார், தலைமுடியைக்கூட ஒரு மாதிரி பின்னிவிட்டார். பிறகு காலிப் பாத்திரத்தோடு திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் திறப்பார். உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. அந்த வீட்டில் இன்னொருவர் இருமினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் ஏங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அதன் பிறகு சனிக்கிழமைகளும் போய்விடுமே! அந்த ஒரு பயம்தான் அவர் வாயைக் கட்டியது.

அன்று ஓல்ட்டனுக்குத் திரும்பி, மாடிப்படியில் கால் வைத்ததும், கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

"ஸ்டூடர் சார்! ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

கட்டடப் பொறுப்பாளர் ஆம்ரைன் அம்மாள். சின்ன உருவம், பெரிய சாவிக்கொத்து. குப்பைப் பை எந்த அளவு, சைக்கிள் எந்தப் பக்கம், அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை யாருக்கு எந்தக் கிழமை என்று எல்லாம் அவர் கையில்தான்.

"அப்புறம் வர்றேன், அடுப்புல பால்..." என்று சொல்லிக்கொண்டே ஆர்மின் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

"வெளியிலிருந்து இப்போதானே வர்றீங்க?" என்று கீழேயிருந்து கேட்டார் ஆம்ரைன் அம்மாள். நியாயமான கேள்வி.

ஆர்மின் ஓடியதற்குக் காரணம் இருந்தது. ஈஸ்டர் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உருக்கிய பாலாடைக்கட்டி அவ்வளவும் லிஸ்பெத்தின் அம்மா தையல் போட்ட மேஜைத் துணியில் கவிழ்ந்துவிட்டது. வெளியே போயிருந்த லிஸ்பெத் திரும்பி வந்து பார்ப்பதற்குள் கறையை எடுத்தாக வேண்டும். ஷூவின் மேல் தடித்த காலுறையை மாட்டிக்கொண்டு பூனைபோல் அடித்தளத்துக்கு இறங்கி, மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, மெஷின் சத்தமே கேட்கக் கூடாத ஓய்வு நாள்! அதுவும் தனக்கு ஒதுக்கிய வியாழக்கிழமை இல்லாத ஒரு நாளில்! எங்கள் ஊரில் வங்கியைக் கொள்ளையடித்தவனுக்குக்கூட வக்காலத்து வாங்க ஆள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தவனுக்குக் கிடைக்காது.

ஆம்ரைன் அம்மாளுக்கு அது தெரிந்துவிட்டது, அதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று ஆர்மின் முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் சைக்கிள் நிறுத்தும் பின்வாசல் வழியாகவே போய்வந்தார்.

பாஸ் விஷயத்துக்கு வருவோம். ஒரு வருஷப் பாஸ் மூன்று நாளுக்குக் கட்டுப்படியாகாது என்றுதானே லிஸ்பெத் சொன்னாள்? அப்படியென்றால் பயணத்தைப் பெரிதாக்கிவிட்டால் போயிற்று! ஆர்மின் உட்கார்ந்து தேசத்தில் உள்ள மலை ரயில் தடங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கோர்த்தார். பனியாறு பார்க்கிற தடம், ஏரிக்கரைத் தடம், பல்சக்கரம் வைத்துச் செங்குத்தாக ஏறுகிற தடம் என்று மூன்று நாள் பயணம் பதினோரு நாளுக்கு நீண்டது. புதன்கிழமை லிஸ்பெத்தின் வீட்டில் வரைபடத்தை விரித்தார்.

"இப்போ பாரு, ஜோடி பாஸ்தான் சரியா வரும்" என்றார், பரீட்சையில் தேறிய பையன்போல.

லிஸ்பெத் வரைபடத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்த்தாள். "பதினோரு நாள் ஜன்னல் வழியா மாடு பார்க்கணுமா?"

"மாடு மட்டுமா? மலை இருக்கு, பாலம் இருக்கு..."

"ஆர்மின், உனக்கு அந்தப் பாஸ்மேல ஏன் இவ்வளவு ஆசை? உண்மையைச் சொல்லு."

மறுபடியும் அதே பார்வை. மறுபடியும் சமையலறைக் கடிகாரம்.

"நல்ல பாஸ் அது" என்றார் ஆர்மின்.

லிஸ்பெத் பெருமூச்சு விட்டாள். "சரி. இவ்வளவு நாள்னா ரோஸ்லியையும் கூட்டிக்கலாம். அவளும் மலை ரயில்ல போகணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கா. நானும் அவளும் ஒரே அறையில தங்கிக்கறோம்."

ஆர்மின் வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். ரோஸ்லி, லிஸ்பெத்தின் தங்கை. நல்ல மனசுக்காரி. வாய் மட்டும் தூங்கும்போதுதான் மூடும். அவளுக்கும் லிஸ்பெத்துக்கும் நடுவில் யாராலும் ஒரு வார்த்தையைச் செருக முடியாது. அதுவும் ஒன்பது வருஷத்து வார்த்தையை!

ரோஸ்லியைக் கழற்றிவிட ஆர்மின் கண்டுபிடித்த வழி அவரைப் படுகுழியில் தள்ளியது.

அடுத்த சனிக்கிழமை ஓல்ட்டன் ஸ்டேஷன் உணவகத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்லி காரட் கேக்கைச் சாப்பிட்டபடியே பயணத்துக்கு அவித்த முட்டை எத்தனை, கம்பளி மேலாடை எத்தனை என்று பேசிக்கொண்டிருந்தாள். ஆர்மின் தொண்டையைச் செருமினார்.

"ரோஸ்லி, ஒரு சிக்கல். இந்தப் பாஸ் மூணு பேருக்குக் கிடையாது. ஒரே வீட்ல குடியிருக்கிற ரெண்டு பேருக்கு மட்டும்தான் குடுப்பாங்க."

ரோஸ்லி மெல்லுவதை நிறுத்தினாள். அதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

லிஸ்பெத் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "நாம ஒரே வீட்ல குடியிருக்கலையே, ஆர்மின்" என்றாள் மெதுவாக.

வழி காலியாக இருந்தது. விளக்கு பச்சையில் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு ஈ காக்கை இல்லை. இந்த இடத்தில் வண்டியை எடுக்காத எவரையும் ஆர்மின் ஸ்டூடர் மறுபடி தேர்வுக்கு வர வைத்திருப்பார். வாயைத் திறந்தார். வந்தது இதுதான்:

"அது பெரிய விஷயமில்லே. நகராட்சிப் பேப்பர்ல மட்டும் என் முகவரியைப் போட்டுக்கோ. நிஜமா வரணும்னு இல்லே."

சொல்லி முடித்த கணமே வார்த்தைகளைக் காற்றிலிருந்து பிடித்து விழுங்கிவிடலாமா என்று அவருக்கு இருந்தது. வெளியே ஒரு ரயில் வந்து, நின்று, போயிற்று.

"ஐயோ, ஆர்மின்" என்றாள் ரோஸ்லி. அவள் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"நகராட்சிக்குப் பொய் முகவரி குடுக்கச் சொல்றே" என்றாள் லிஸ்பெத்.

"பொய்னு இல்லே..."

"ஒரு பாஸுக்காக. நிஜமா வரணும்னு இல்லாம." எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். உடைந்து கூடிய மணிக்கட்டு கோட்டின் கைக்குள் நுழைய மறுத்தது. ஆர்மின் உதவ எழுந்தார். "வேண்டாம், நானே போட்டுக்கறேன்" என்றாள். பாதி கேக் அப்படியே கிடந்தது. எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்கிய கேக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பெண் எழுந்தால், கோபம் சாதாரணமானதல்ல.

அந்த வாரம் புதன்கிழமை இல்லை. அடுத்த சனி ஞாயிறும் இல்லை. போன் அடித்தால், "நான் நல்லாத்தான் இருக்கேன், அடுப்புல வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். ஆர்மின் ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை என்று கழுவினார். கண்ணீர்கூட வந்தது. வெங்காயம் நறுக்குகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் வெங்காயம் இல்லை.

அப்போது பார்த்து வாசல் மணி அடித்தது. லிஸ்பெத்தாக இருக்குமோ என்று பாய்ந்து போய்க் கதவின் துளை வழியாகப் பார்த்தார். ஆம்ரைன் அம்மாள்.

"ஸ்டூடர் சார்! உள்ளேதான் இருக்கீங்கன்னு தெரியும். அந்த விஷயம் எனக்கு மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. பேசி முடிச்சுடலாமே!"

ஆர்மின் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கெட்டில் விசிலடித்தது. நிறுத்தப் போனால் காலடிச் சத்தம் கேட்கும். விட்டால் விசில் கேட்கும். இரண்டு பேரும் கதவின் இரண்டு பக்கத்திலும் நின்று அந்த விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆம்ரைன் அம்மாள், "கெட்டில் கருகிடப் போகுது, சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஆர்மின் ஸ்டேஷன் கவுண்ட்டருக்குப் போனார். அங்கே காது குத்தியிருந்த ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். பின்னால் நீண்ட வரிசை.

"கூர்லேர்ந்து தீரானோ வரைக்கும் போற சிவப்பு ரயில். பெரிய ஜன்னல் வச்ச பெட்டி. மூணு பேர்" என்றார்.

"ஜோடி பாஸ் போட்டுக்கறீங்களா? நல்ல..."

"வேண்டாம்!" என்று ஆர்மின் கத்தியதில் வரிசையில் இருந்த ஒரு நாய் குரைத்தது.

"சரி சார். மூணு பேரும் ஒரே குடும்பமா?"

"இன்னும் இல்லே."

இளைஞன் அவரை ஒருமுறை பார்த்தான். "இடம் கம்மியா இருக்கு. ஒரு பெட்டியில ரெண்டு இடம் சேர்ந்தாப்ல. மூணாவது ஆள் அடுத்த பெட்டியில."

"அந்த மூணாவது ஆள் நான்தான்" என்றார் ஆர்மின்.

லிஸ்பெத்துக்குச் செய்தி அனுப்பினார். 'மூன்று நாள்தான். ரோஸ்லிக்கும் சேர்த்து எடுத்தாயிற்று. பாஸ் கிடையாது. நான் சொன்னது தப்பு.' நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'சரி. முட்டை நான் கொண்டு வருகிறேன்.' ஆர்மின் அதைப் பலமுறை படித்தார். முட்டை கொண்டுவருகிறவள் முழுக்கக் கைவிடவில்லை என்றுதான் அர்த்தம்.

செப்டம்பரில் ஒரு காலை. கூர் ஸ்டேஷனில் சிவப்பு ரயில் புறப்பட்டது. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மலைகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆர்மின் அவற்றைப் பார்க்கவில்லை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த கண்ணாடிக் கதவு வழியாக லிஸ்பெத்தின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரோஸ்லியின் கைகள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

ஒரு கட்டத்தில் அந்தக் கைகள் நின்றன. ரோஸ்லி எழுந்து, தள்ளாடித் தள்ளாடி இவர் பெட்டிக்கு வந்தாள்.

"எழுந்திரு."

"ஏன்?"

"கூர்லேர்ந்து பேசிட்டிருக்கேன். அவ 'உம்'முன்னு ஒரு சத்தம் குடுக்கல. எனக்கே என் குரல் சலிச்சுப் போச்சுன்னா பாத்துக்கோ. போய் அவ பக்கத்துல உட்காரு."

"என்ன பேசுறது, ரோஸ்லி?"

"எதையாவது பேசு. பாஸைப் பத்தி மட்டும் வாயைத் திறந்தே, இந்த முட்டையாலயே அடிப்பேன்."

ஆர்மின் போய் உட்கார்ந்தபோது ரயில் உயரமான கல் பாலத்தின்மேல் வளைந்துகொண்டிருந்தது. பெட்டியில் எல்லோரும் எழுந்து ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். கீழே அதலபாதாளத்தில் ஆறு. உலகத்தில் எந்தக் காதலனும் இப்படி ஓர் இடத்துக்காகத் தவம் கிடப்பான்.

"இந்த வளைவுல வேகத்தைக் கண்டிப்பா குறைச்சாகணும்" என்றார் ஆர்மின்.

"ம்" என்றாள் லிஸ்பெத்.

பாலம் முடிந்தது. ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரே தேவாலயம் முதலில் இடப்பக்கம் தெரிந்தது, பிறகு வலப்பக்கம் தெரிந்தது, மறுபடி இடப்பக்கம். ஆர்மினுக்குத் தன் பேச்சைப் பார்ப்பதுபோலவே இருந்தது. பிறகு நீண்ட சுரங்கம் வந்தது. வெளிச்சம் போயிற்று. சக்கரச் சத்தம் காதைப் பிளந்தது. கண்ணாடியில் லிஸ்பெத்தின் முகம் மட்டும் தெரிந்தது. களைத்துப்போன முகம். அதைப் பார்த்ததும் அவருக்குள் எதுவோ அறுந்தது.

"லிஸ்பெத், எனக்கு அந்தப் பாஸ் வேண்டாம்!" என்றார்.

"என்ன?" என்று அவள் காதைக் காட்டினாள்.

சத்தத்தை மீற வேண்டியிருந்தது. ஆர்மின் கத்தினார். "பாஸ் வேண்டாம்! மிச்சம் வேண்டாம்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன்னை ஸ்டேஷன்ல விட்டுட்டு வீட்டுக்குப் போறது எனக்குப் பிடிக்கல! அந்த வீட்ல நான் மட்டும் இருமிட்டிருக்கேன்! என்கூட வந்து..."

அந்த இடத்தில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. சத்தம் சட்டென்று அடங்கியது. வெளிச்சம் கொட்டியது. அமைதியான பெட்டியில் ஆர்மின் ஸ்டூடர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"...இருந்துடு! நிஜமாவே வந்துடு!"

நாற்பது தலைகள் திரும்பின. இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு அம்மாள் சாண்ட்விச்சைப் பாதி வாயில் வைத்தபடி காத்திருந்தார்.

"பாஸுக்காகவா?" என்றாள் லிஸ்பெத்.

"முழு டிக்கெட் வாங்குறேன். ரெண்டு பேருக்கும். அரைக் கட்டண அட்டையைக்கூடத் தூக்கிப் போட்டுடறேன்."

பெட்டியில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். எங்கள் நாட்டில் ஒரு ஆண்பிள்ளை தன் வாயால் முழு டிக்கெட் வாங்குகிறேன் என்று சொன்னால், அதற்குமேல் காதல் கிடையாது.

லிஸ்பெத் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். பிறகு சிரித்தாள். "அட்டையை ஏன் தூக்கிப் போடணும்? காசு கொட்டியா கிடக்கு? வர்றேன்."

சாண்ட்விச் அம்மாள் கைதட்டினார். அடுத்த பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த ரோஸ்லி இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். ஆர்மினுக்கு உடம்பே பஞ்சாகிவிட்டது. இவ்வளவுதானா? இதற்கா ஒன்பது வருஷம்?

"ஆனா ஒரு நிபந்தனை" என்றாள் லிஸ்பெத்.

"என்ன வேணும்னாலும் கேளு."

"துணி துவைக்க எனக்குன்னு தனியா ஒரு நாள் வேணும். ஆராவுல செவ்வாய்க்கிழமை எனக்கு. வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கினேன். உன் வியாழக்கிழமையில பங்குக்கு வர மாட்டேன். தனி நாள் இருந்தா வர்றேன், இல்லேன்னா இல்லே." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆர்மினுக்குத் தன் கட்டடம் நினைவுக்கு வந்தது. ஒன்பது வீடுகள் உள்ள கட்டடம் அது. வாரத்தில் துவைக்கக்கூடிய நாள் ஆறு. இப்போதே ஆளுக்கு ஆள் அரை நாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். தனி நாள் கேட்டவர்கள் காத்திருந்தே கிழவர்களாகிவிட்டார்கள். அதற்குமேல், நாளை ஒதுக்குகிற அதிகாரம் யார் கையில்? ஞாயிற்றுக்கிழமைத் திருடனைப் பிடிக்க மாசக்கணக்கில் அலைகிற ஆம்ரைன் அம்மாள் கையில்!

அதன் பிறகு பனியாறு வந்தது, பச்சை ஏரி வந்தது, ரயில் தன் வாலைத் தானே பார்த்துக்கொள்கிற வட்டப் பாலம் வந்தது. ஆர்மினின் கண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சலவை மெஷின்தான். தீரானோவில் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். இவர் திரும்பும் வழியில் கடை கடையாக ஏறி, இருப்பதிலேயே பெரிய வாதுமைப் பருப்புக் கேக்கை வாங்கினார்.

"யாருக்கு இவ்வளவு பெருசு?" என்றாள் ரோஸ்லி.

"உயிர்ப்பிச்சை கேக்கப் போறேன்" என்றார் ஆர்மின். லிஸ்பெத் இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டாள்.

ஓல்ட்டனுக்கு வந்ததும் ஆர்மின் பையைக்கூட மேலே கொண்டுபோய் வைக்கவில்லை. மாசக்கணக்கில் முதல்முறையாக முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, கீழ்வீட்டு மணியை அடித்தார்.

"அப்பாடா, ஸ்டூடர் சார்! கடைசியில அகப்பட்டீங்க!" என்றார் ஆம்ரைன் அம்மாள்.

ஆர்மின் கேக்கை இரண்டு கையாலும் நீட்டினார். "ஞாயித்துக்கிழமை துவைச்சது நான்தான், அம்மா. மேஜைத் துணி. பாலாடைக்கட்டி கொட்டிடுச்சு. என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க."

"ஓ, அதுவா? அன்னைக்கே தெரியும். ஷூவுக்கு மேல காலுறை போட்டுக்கிட்டு ஒரு ஆம்பிளை படி இறங்கினா, கண்ணுல படாமலா போகும்? பண்டிகை நாளாச்சேன்னு விட்டுட்டேன்."

இறுகிக் கிடந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அந்தத் தைரியத்தில் ஆர்மின் கொட்டிவிட்டார். "எனக்கு ஒரு நாள் வேணும். எனக்கில்லே. ஒருத்தங்க என்கூட வந்து இருக்கப் போறாங்க. அவங்களுக்குன்னு தனி நாள் இல்லேன்னா வர மாட்டாங்க. அரை நாளானாலும்... எந்தக் கிழமையானாலும்... நான் என் வியாழக்கிழமையை விட்டுக் குடுத்துடறேன். கையால துவைச்சுக்கறேன்."

"லிஸ்பெத் அம்மாதானே? வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"எல்லா வெள்ளிக்கிழமையும்தான்." ஆம்ரைன் அம்மாள் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "மூணாவது மாடிப் பல் டாக்டர் சொந்தமா மெஷின் வாங்கி, அவரோட வெள்ளிக்கிழமையை விட்டுட்டாரு இல்லே? அப்போவே லிஸ்பெத் அம்மா வந்து கேட்டு வாங்கிட்டாங்க. மார்ச் மாசம். 'அவரு கேக்குறப்போ கேக்கட்டும், நாள் போனா திரும்பக் கிடைக்குமா?'ன்னாங்க."

ஆர்மின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மார்ச்சிலா? மணிக்கட்டில் கட்டுப் பிரித்த சூட்டோடா? சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை மாசம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் இறங்கிப் போனது. இனி அந்த வீட்டில் இரண்டு பேர் இருமுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்போ, இத்தனை நாளா என்னை எதுக்கு அம்மா தொரத்துனீங்க?"

ஆம்ரைன் அம்மாளின் முகம் சிவந்தது. சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேக்கத்தான், சார். விளம்பரம் வேண்டாம்னு ஸ்டிக்கர் ஒட்டின உங்க பெட்டியில அந்தப் பாஸ் நோட்டீஸைப் போட்டது நான்தான். மூணாவது வரி மேல தெரியற மாதிரி மடிச்சுக் குடுத்தது லிஸ்பெத் அம்மா."